பேச்சுப் பயிற்சி வகுப்பு

குளிர்பெட்டியின் பிளக்கை லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் அவன் அண்ணன். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து இறங்கும்வரை, அதாவது நாளைக் காலைவரை, அவர் கெடாமல் இருக்க வேண்டும். பிளக்குக்குள் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. திருப்புளியைப் பிடித்த கை அதைவிடத் தளர்ந்திருந்தது.

"கை நடுங்குது பாரு," என்றாள் சித்தி, தெருவுக்கே கேட்கும் ரகசியக் குரலில். "காலையிலேயே போட்டுட்டு வந்திருப்பான்."

அவன் குடித்துப் பல மாதம் ஆகிறது. உறவில் யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் விட்டுவிட்டேன் என்று ஊரறிய அறிவித்து, அந்த அறிவிப்பைக் கொண்டாடவே குடித்தவன். அதனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்கள் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள். வரிசை மாறிவிட்டதே என்றது அந்தப் பார்வை. தப்பில்லை. அண்ணன் ஒரு சொட்டுத் தொடாதவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். குப்பை வண்டி வராததற்கு ஓர் உரை, வந்ததற்கு ஒரு நன்றியுரை நிகழ்த்தியவர். மைக் கிடைக்காத நாளில் தம்பிக்குப் போன் போடுவார்.

"நம்ம சங்கத்துல பேச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பிச்சிருக்கேன்டா. நாலு நாள் வந்து தங்கேன். உனக்கு உதவும்."

"நான் யார்கிட்டண்ணே பேசப்போறேன், லிஃப்ட்டுகிட்டயா?" என்று இவன் வைத்துவிட்டான். அதுதான் கடைசிப் போன்.

அக்கா வீட்டுக்காரர் வந்து தோளில் கை போட்டார். குடிக்காதே என்று அவனுக்கு அதிகம் உபதேசம் செய்தவர் அவர்தான், பெரும்பாலும் கையில் கிளாஸோடு.

"மாடிக்கு வா மாப்ளே. கார்லருந்து எடுத்து வெச்சிருக்கேன். துக்கத்துக்குத் தப்பில்ல."

"இல்ல அத்தான்" என்றது வாய். கால் அதற்குள் முதல் படியில் இருந்தது. அதைப் பிடுங்கி எடுப்பதுபோல் எடுத்து, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று வாசலுக்கு நடந்தான்.

"கடை வலது பக்கம்டா!" என்று யாரோ உதவினார்கள்.

இடது பக்கம் திரும்பி, தன் ஊரில் குடியை விட்டவர்களுக்குக் கூட்டம் நடத்தும் பஸ் டிரைவருக்குப் போன் போட்டான்.

"அழறியா, தவிக்கிறியா?" என்று கேட்டார் டிரைவர்.

"தெரியலண்ணே."

"அப்ப தவிப்புதான். அந்த ஊர்லயும் இன்னிக்கு சாயங்காலம் நம்ம கூட்டம் இருக்கு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியாம். நின்னு யோசிக்காத, ஓடு."

தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது, வழிதான் தெரியவில்லை. நுழைந்த தெருவெல்லாம் மதில் சுவரில் போய் முட்டியது. சாராயக் கடைக்கு முனைக்கு முனை அம்புக்குறி போட்டு விளக்கும் வைத்திருந்தார்கள். இதற்கு ஒரு சுண்ணாம்புக் கோடுகூட இல்லை. மருந்துக்கடையில் விசாரித்தான்.

"இங்க ஒரு கூட்டம்..."

"என்ன கூட்டம்?"

"சும்மா... உக்காந்து பேசுற கூட்டம்."

"பேச்சு வகுப்பா? அந்தச் சந்துல போங்க."

சந்து முடிவில் பூட்டிய கட்டடம். 'பேச்சுப் பயிற்சி வகுப்பு' என்று பலகை. கீழே அண்ணனின் பெயரும் பதவியும், வகுப்பின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். வாசலில் சீருடையோடு ஒரு நர்ஸ், கையெல்லாம் சுண்ணாம்போடு ஒரு பெயிண்டர், இன்னும் சிலர்.

"இது... அந்த..." என்றான்.

"அதேதான்," என்றாள் நர்ஸ். "குடின்னு எழுதினா சங்கத்துல இடம் தரமாட்டாங்கன்னு தலைவர் வெச்ச பேரு. காலைல போயிட்டாராம், பாவம். சாவி அவர்கிட்டதான் இருக்கும்."

"அவரும் உள்ள வந்து பேசுவாரா?"

"அவரா? ஊரெல்லாம் பேசுற மனுஷன், இங்க வாயே திறக்கமாட்டாரு. பூட்டைத் திறந்துவிட்டுட்டு, முடியுறவரைக்கும் வாசல்ல உக்காந்து ரோட்டையே பார்த்துட்டிருப்பாரு."

மெக்கானிக் பலகையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ரோட்டுல நின்னு பேசமுடியாது. கலைஞ்சிரலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கலைஞ்சா நான் வீட்டுக்குப் போகமாட்டேன், சொல்லிட்டேன்," என்றான் பெயிண்டர். வேறெங்கே போவான் என்று யாரும் கேட்கவில்லை.

"இருங்க. சாவி கொண்டுவரேன்," என்றான் மெக்கானிக்.

போகும்போது முட்டிய தெருக்களெல்லாம் திரும்பும்போது வழிவிட்டன. கூடத்தில் மொத்த உறவும் உட்கார்ந்திருந்தது. பெட்டியருகே அண்ணியிடம் குனிந்தான்.

"அண்ணி, சங்கக் கட்டடத்துச் சாவி வேணும்."

"எதுக்குடா?" என்றார் அத்தான் மாடிப்படியிலிருந்து. "ஒதுக்குப்புறமா இடம் பார்த்துட்டியா?"

யாரோ மூக்கைச் சிந்துவதுபோல் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்தான்.

"குடியை விட்டவங்க கூட்டம் நடக்குது அங்க. நானும் விட்டிருக்கேன். இப்ப மாடிக்கு வந்தா இன்னிக்கோட போயிரும். அதான்."

"அங்க பேச்சு வகுப்புல்ல நடக்குது?" என்றார் அத்தான்.

அண்ணி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையின் பையில் கைவிட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள். கொடுப்பதற்குமுன் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள்.

"சீக்கிரம் போ. அவர் இருந்தா இந்நேரம் திறந்திருப்பார்."

"எந்தச் சாவி அண்ணி?"

"அவருக்குத்தான் தெரியும்."

இருட்டத் தொடங்கியிருந்தது. பெயிண்டர் செல்போன் விளக்கைப் பிடித்தான். வெளிச்சம் பூட்டின்மேல் நிற்காமல் ஆடியது. ஒரு சாவி நுழையவே இல்லை. இன்னொன்று பாதிவரை போய் நின்றது. மெக்கானிக் அதை உருவிவிட்டு அடுத்ததை எடுத்தான்.