கீறல் விழுந்த கண்ணாடி

செத்துப்போன ஞானசிங்கை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைக்க மூன்று பேர் போராடிக்கொண்டிருந்தார்கள். கோட்டாற்றில் இருபது வருடம் ஸ்டூடியோ நடத்தி, ‘அசையாதீங்க’ என்று ஊரையே அதட்டியவர் அவர். அவரை ஒரு படம் எடுத்துவைக்க மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

“தலை சாயுது ஓய், பெறத்தால தலவாணிய வையும்” என்றார் முத்துநாயகம். இறந்தவருக்கு மைத்துனர், சபையில் டீக்கன். மழித்த முகத்தில் பவுடர் பூசி, நாற்காலியை ஒட்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

கேமராவுக்குப் பின்னால் எதிர்க்கடை ஸ்டூடியோக்காரர் ரசலையன். “டீக்கனய்யா, கொஞ்சம் தள்ளி நில்லும். மரிச்ச ஆளு மறையுதாரு.”

மகள் நேசபாய் கால்மாட்டில் நின்றாள். விடியற்காலையில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மக்கா, திற்பரப்பு பிளேட்டு... பத்திரம்.”

“நான் பாத்துக்கிடுதேன்ப்பா” என்று சொல்லியிருந்தாள்.

திற்பரப்பு அருவிக்கு மேலே பாறையில் கேமராவை நிறுத்தி, ராத்திரி முழுக்க லென்ஸைத் திறந்துவைத்து எடுத்த வானம் அது. மூன்று வருடத்தில் மேகமும் பனியும் கெடுத்தது போக மிஞ்சிய ஒரே கண்ணாடி பிளேட்டு. நெகட்டிவ் என்பதால் அதில் வானம் வெளுப்பு. நட்சத்திரங்கள் நகர்ந்த தடங்கள் கறுத்த வளைகோடுகள். ஒரு பொருட்காட்சிக்கு அதை அச்சுப்படமாக்கி அனுப்பினார். ‘கீறல் விழுந்தது’ என்று திரும்பி வந்தது. அந்தப் பாறையின் பனிதான் நெஞ்சில் சளியாகக் கட்டி ஆளைக் கொண்டுபோனது.

அடக்கத்தில் முத்துநாயகம் முழங்கினார்: “எங்கள் அத்தான் பூலோகத்தில் இருந்தும் பரலோகத்தையே நோக்கியிருந்தவர்!” போன வாரம்வரை அதே அத்தானுக்கு அவர் வைத்திருந்த பெயர், வானம் பாத்த கிறுக்கன். அரைமணி நேரம் பேசியதில் குழிவெட்டியவர் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்துக்குப் படம் சட்டத்தில் ஏற வேண்டும். கல்லறைக்குப் போய்வந்த நேசபாய், முற்றத்தில் வெந்நீர்ச் சட்டிக்கு முன்னால் அம்மா ராகேல் எதையோ கத்தியால் சுரண்டுவதைப் பார்த்தாள்.

“அம்மா! அது அப்பாக்க பிளேட்டு!”

“சட்டத்துல போட கடையில இந்த அளவுக்குக் கண்ணாடி இல்லியாம். ஒனக்க மாமன் எடுத்துத் தந்தான். கீறல் விழுந்ததுதானேன்னான்.”

“கீறல் இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?”

ராகேலின் கை நிற்கவில்லை. “தெரியும்ட்டி. நான் இந்த வீட்டுல ஒத்தையில கெடந்த ராத்திரி பூரா இதுல கோடாட்டு கெடக்கு.”

 

“போதும்க்கா, கொண்டா. நேரமாச்சு” என்று உள்ளேயிருந்து வந்த முத்துநாயகம் கண்ணாடியை ஈரத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் படம் மேசைமேல் நின்றது. சுரண்டிய பகுதிக்குப் பின்னால் ஞானசிங் தெளிவாகத் தெரிந்தார். ஓரத்தில் கத்தி சரியாகப் படாமல் ஏழெட்டு வளைகோடுகள் மிஞ்சியிருந்தன. அவை படத்தில் நாற்காலியை ஒட்டி நின்ற முத்துநாயகத்தின் மூக்குக்குக் கீழே, இரண்டு பக்கமும், பூனைமீசையாக ஓடின. ஜெபத்துக்கு மூடவேண்டிய கண்களை யாரும் மூடவில்லை. ரசலையன் இருமினார், இருமிக்கொண்டே வெளியே போனார்.

“ஏட்டி நேசம், அதத் தொடச்சு விடு” என்றார் முத்துநாயகம் பல்லிடுக்கில்.

கோடுகள் கண்ணாடியின் உட்புறம் இருந்தன. நேசபாய் துணியை நனைத்துப் பிழிந்து, வெளிப்புறத்தை மெதுவாக, வெகுநேரம் துடைத்தாள்.