நாலரை விரல்

வாஷர் அடிக்கும் பட்டறையில் அக்காவுக்கும் தங்கைக்கும் பக்கத்துப் பக்கத்து பிரஸ் மெஷின். தகட்டை வை, கையை எடு, பெடலை மிதி. ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவை. ஒரு தடவை பிசகினால் விரல் இருக்காது.

பயத்தை இறக்கிவைக்க அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கழிவுச் செம்புக் கம்பியை வளைத்து, அன்றைக்கு எது மிரட்டியதோ அதைச் செய்வாள். சூப்பர்வைசரின் விசில், அறுந்த பெல்ட், வழுக்கிய படிக்கட்டு. கடைசி வளையத்தை மூடியதும் நெஞ்சு லேசாகிவிடும். அப்புறம்தான் கழுத்துச் சங்கிலியில் கோப்பாள்.

"கழுத்துலயே காயலான் கடை வச்சிருக்க. எடைக்குப் போட்டா ஒரு வாளி தேறும்" என்பான் மெக்கானிக்.

அந்த வாரம் தங்கையின் மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கியது. "சாமான் வரட்டும், பாக்கலாம்" என்றான் மெக்கானிக். தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுக்கா."

"உனக்கு எதுடி பயம்?"

"கைதான்."

தன் இடது கையை விரித்து வைத்து, அதைப் பார்த்தே அக்கா ஒரு குட்டிக் கை செய்தாள். மோதிர விரல் பாதியில் நிற்கும்போது சங்கு ஊதிவிட்டது.

"நாளைக்கு முடிச்சுத் தர்றேன். மூடாததைப் போடக்கூடாது."

தங்கை பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "நாலரை விரல் போதும்க்கா. மிச்சத்துக்குத்தான் நீ இருக்கியே."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் பஸ் தவறி, அக்கா அரைமணி தாமதமாகக் கம்பித் துண்டோடு ஓடி வந்தாள். தங்கை மெஷினை நிறுத்திவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் ரெண்டாந்தடவ இறங்குச்சுக்கா. மோதிர விரல் உள்ள மாட்டிக்கிச்சு. நல்லா அமுக்குச்சு. வலிக்கவே இல்ல. பாரேன், கீறல்கூட இல்ல."

அக்கா அவள் கழுத்திலிருந்த செம்புக் கையைத் தூக்கிப் பார்த்தாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. மோதிர விரலின் நடு மூட்டில் ஒரு கோணல். அதை அவள் வளைக்கவில்லை. பத்து வயதில் கல் சுமந்து நசுங்கிய அக்காவின் சொந்த விரலில் இருக்கும் கோணல் அது.

"நீயாடி முடிச்ச?"

"எனக்கு எங்க அதெல்லாம் வரும்?"

அக்கா மெயின் சுவிட்சை அணைத்தாள். "சரி பண்ணாம இதுல உக்காராத" என்று சொல்லி இடது கையை மெஷின் மேசையில் ஊன்றினாள்.

டங் என்றது.

"என்னமோ விழுந்துச்சேக்கா?"

"ஒண்ணும் விழல."

அக்கா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே மற்ற விரல்கள் மோதிர விரலைத் தடவிப் பார்த்தன. அது செம்புபோலச் சில்லென்று இருந்தது.