மூன்றாவது வரி

அறுபத்து மூன்றாவது படிவத்தையும் கவிழ்த்து வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, ஒன்றில்கூட நான் இல்லை. ஏதாவது இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்று படிவக் கட்டை எடுத்து விரலை ஈரப்படுத்தி மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மதியம் மூன்று மணி. கீழே யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். நான் மூன்றாவது முறையும் எண்ணினேன்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஊழியர் பயிற்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் ஏதோ பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், நான்தான் பிரிவு. மூன்றாவது மாடியில் படிக்கட்டு முடிகிற இடத்தில் அறை. ஒரு ப்ரொஜெக்டர், தாள் மாட்டும் பலகை, நான்கு நிறத்தில் ஒட்டுத்தாள்கள், நாற்பது நாற்காலிகள். கோப்பை எப்படி நகர்த்துவது, மாணவர்களிடம் எரிந்து விழாமல் எப்படிப் பேசுவது, மேலதிகாரிக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது, ஒருவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று பத்தொன்பது வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேரும் முதல் வாரம் என் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள். கடைசி நாளில் ஆளுக்கொரு சான்றிதழ், அதில் என் கையெழுத்து. தேர்வுப் பிரிவில் ஒருவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்து ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். சுவரில் இருந்த ஓட்டையை மறைக்கத்தான் மாட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதுப் பதிவாளர் வந்தார், கூடவே ஆலோசகர் ஒருவரையும் அழைத்து வந்தார். ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கும். காலுறை போடாமல் ஷூ போடுகிறவர். ஓர் அலுவலகம் வகுப்பறையில் கற்றுக்கொள்வதில்லை, வராந்தாவில்தான் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய கொள்கை. அதை என் வகுப்பறையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொன்னார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். அவர் தயாரித்த படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: வேலையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கீழே மூன்று வரிகள். எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதலாம், பட்டப்பெயர் ஆனாலும் சரி. ஒவ்வொரு பதிலும் ஓர் அம்பு. என்னையும் சேர்த்து அறுபத்து நான்கு புள்ளிகள், அவற்றுக்கு நடுவே அம்புகள். வியாழக்கிழமை எல்லாரையும் கூட்டி அந்தப் படத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. தொகுக்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள், பயிற்சி சம்பந்தப்பட்டது என்பதால்.

முதல் இருபது படிவங்கள் வரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. விடுதி அலுவலகத்து அக்காவுக்கு இருபத்திரண்டு அம்புகள். விடுதிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட அவளைத்தான் எழுதியிருந்தார்கள். கரண்ட்காரருக்குப் பதினான்கு. துணைவேந்தருக்கு ஒன்றே ஒன்று, எழுதியவர் அவருடைய டிரைவர். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மூன்று வரியிலும் செல்போன் என்று எழுதியிருந்தாள். செல்லாது என்று ஒதுக்கி வைத்தேன். அப்புறம்தான் வேடிக்கை குறைந்து, ஒவ்வொரு தாளையும் திருப்பும்போது அடுத்ததில் நான் இருப்பேன், அடுத்ததில் இருப்பேன் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வருத்தமா என்றால், முதலில் வந்தது வருத்தம் இல்லை, பயம். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று பத்தொன்பது வருடங்கள் தொண்டை வறளக் கத்தியவள் நான். வியாழக்கிழமை அறுபது பேருக்கு முன்னால், அம்புகள் எல்லாம் ஒரு பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஓட, ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் தனியாக நிற்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பெரியவளுடைய பரீட்சை, சின்னவனுடைய பல் என்று போய்க்கொண்டே இருந்தாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உனக்கு என்னக்கா, ஊருக்கே சொல்லிக்குடுக்கிறவ, உன்னச் சுத்தி எப்பவும் ஆளு" என்றாள். ஆமாம் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் கட்டைப் பிரித்தேன். எனக்குத் தேவை ஒரே ஓர் அம்பு. இரண்டு மூன்று என்று ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்வோம் என்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்தது. மூன்றாவது வரியைக் காலியாக விட்டவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் வாயாடிகள், காரிடாரில் நான்கு பேரிடம் சொல்லிவிடுவார்கள். ஏழாவது ஆள் ஸ்டோர்காரர். தரைத்தளத்தில், கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர். தாள், பேனா, பல்பு, பினாயில் எதுவானாலும் சீட்டை நீட்டினால் சாமான் வெளியே வரும், ஆள் முகம்கூடச் சரியாகத் தெரியாது. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனிதர். அலமாரியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். முதல் வரி கரண்ட்காரர். இரண்டாம் வரி ஹாஸ்டல் அக்கா. பழைய தாளில் நாலு முறை எழுதிப் பழகிக்கொண்டு, ஐந்தாவது முறை அவருடைய மூன்றாவது வரியில் எழுதினேன்: ட்ரெயினிங் மேடம். மை காய்ந்ததும் தாளைக் கட்டின் நடுவில் செருகினேன்.

வியாழக்கிழமை பெரிய கூடத்தில் திரையே இல்லை. நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் கம்பளி நூல் உருண்டைகள். திரையில் காட்டினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், நூலாகவே கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஆலோசகர். எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். அவர் படிவங்களை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, கேட்பவர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கொண்டுபோய், தான் யாரிடம் கேட்பாரோ அவர் கையில் கொடுக்க வேண்டும். நடுநடுவே சிலரை நிறுத்தி, இவரிடம் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார். அதைக் கேட்டதும் ஸ்டோர்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடினேன்.

கூடம் களைகட்டியது. ஹாஸ்டல் அக்காவின் இரண்டு கையும் நூலாகிவிட்டது. என்னை வைத்துப் பொம்மலாட்டம் நடத்தப்போகிறீர்களா என்று கேட்டாள். துணைவேந்தர் வரவில்லை என்பதால் டிரைவர் தன் நூலை ஒரு காலி நாற்காலியின் கையில் முடிச்சுப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே விறைப்பாக நின்றார். பதிவாளர்கூடச் சிரித்தார். நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது.

ஸ்டோர்காரர் பெயர் வந்தது. கரண்ட்காரருக்கு ஒரு நூல், அக்காவுக்கு ஒரு நூல். கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பப் போனார். ஆலோசகர் தாளைப் பார்த்து, சார், மூணாவது ட்ரெயினிங் மேடம் என்றார். ஸ்டோர்காரர் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆலோசகர் கையில் இருந்த தன் படிவத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய் மஞ்சள் நூலை எடுத்து, அதன் முனையைப் பிடித்தபடி அவ்வளவு பெரிய வட்டத்தைக் குறுக்கே கடந்து, குனிந்து, மற்றவர்களுடைய நூல்களுக்கு அடியில் நுழைந்து என் எதிரே வந்தார். நான் கையை நீட்டினேன்.

"நல்லா இருக்கே," என்றார் ஆலோசகர். "நீங்க என்ன கேட்டீங்க இவங்ககிட்ட?"

கூடத்தில் பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஸ்டோர்காரர் பேசி அங்கே பாதிப் பேர் கேட்டதே இல்லை. அவர் நூலை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே, "டீச்சர்கிட்ட... முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன்" என்றார்.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"இன்னும் சொல்லல."

கூடமே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். ஆலோசகர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் மட்டும் ஒரே இடத்தில் நின்றேன். காதில் விழுந்தது சிரிப்பு இல்லை, டீச்சர் என்ற சொல். சீட்டை நீட்டும்போதெல்லாம் கம்பிக்குப் பின்னால் அந்தக் குரல் "வாங்க டீச்சர்" என்றுதான் சொல்லியிருக்கிறது. வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது அதுவரைக்கும் ஞாபகமே இல்லை.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நாற்காலி அடுக்குவது பயிற்சிப் பிரிவின் வேலை. நூல் ஸ்டோரிலிருந்து வந்தது என்பதால் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற பொறுப்பு அவருடையது. ஆக அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் இருவர்தான். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து நிறம் பிரித்து நூலைச் சுற்றத் தொடங்கினார். நான் நாற்காலிகளை அடுக்கினேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று நான் ஒரு வகுப்பே எடுக்கிறேன், மூன்று படிகள் உண்டு. முதல் படியே நினைவுக்கு வரவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுத்து நல்லாத்தான் ஒத்துப்போச்சு. ஆனா நான் எழுதியிருந்தா டீச்சர்னுதான் எழுதியிருப்பேன்."

"தெரியும்," என்றேன். பிறகு, "இப்பத்தான் தெரிஞ்சுது," என்றேன். "நீங்க அங்கயே சொல்லியிருக்கலாம், நான் எழுதலன்னு."

அவர் ஒரு சிக்கலைப் பிரித்து முடித்தார்.

"என்னையும்தான் யாரும் எழுதல, டீச்சர். நீங்கதானே எண்ணினீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் எண்ணினேன், உண்மைதான். அகர வரிசையில் அறுபத்து நான்கு பெயர்களையும் விரல் வைத்து எண்ணினேன். என் வரிசையை மூன்று முறை எண்ணினேன். அவர் வரிசையில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை, பார்த்தால்தானே வரும். கூடத்திலும் அவர் மூன்று நூல்களோடு நின்றார். மூன்றும் அவர் கொண்டுபோய்க் கொடுத்தவை. அவரைத் தேடி ஒரு நூலும் குறுக்கே வரவில்லை. அவருடைய எழுத்தைப் பழகிக்கொள்ள நாலு முறை எழுதிப் பார்த்திருக்கிறேன், அந்த மனிதரை ஒரு முறையும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நாற்காலியைத் தூக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்புகளைத் தொகுத்த பட்டியல் இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. காலையில் படத்தை வரைந்து பதிவாளர் அறைக்கு அனுப்ப வேண்டும், சுவரில் மாட்டப்போகிறார்கள். உண்மையைச் சொன்னால் என் புள்ளி தனியாக நிற்கும், நான் செய்ததும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் அந்த அம்பு அங்கேயே இருக்கும், தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். எது சரி என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பாவனைக்குக் கேட்கிற கேள்விகள் என்னிடம் நூறு உண்டு, எல்லாவற்றுக்கும் பதிலும் கைவசம் இருக்கும். இது அப்படி இல்லை.

கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன்.

"அந்த மூணாவது வரிய நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, நான் அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ இன்னும் அந்தப் பொம்மலாட்டத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மடியில் பாதி சுற்றிய மஞ்சள் உருண்டை. அதன் மீதி, தரையோடு தரையாக ஓடி, அடுக்கிய நாற்காலிகளின் கால்களுக்குள் எங்கோ சிக்கிக் கிடந்தது. அவர் யோசித்துக்கொண்டே மெல்ல இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நான் மண்டியிட்டு, நாற்காலிக் கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினேன்.