கழுவக் கூடாத வீடு

"தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க மேடம். ஈரத் துணியில தொடச்சாப் போதுமுங்க."

சேகரன் மறுபடியும் அதையே சொன்னபோது ஸ்ரீவல்லிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சும் முன் புது வீட்டைக் கழுவிவிடாத குடும்பம் அவள் உறவில், மைசூரில் சரி, மேல்கோட்டையில் சரி, ஒன்றுகூடக் கிடையாது. மஞ்சள் தண்ணீர் ஹாலிலிருந்து வாசல்வரை ஓடிய பிறகுதான் கோலம். இந்த ஆள் ஏன் தடுக்கிறான்?

மைசூர் விஜயநகரில் புதிதாகக் கட்டிய வீடு. உள்வேலை முழுக்க மார்டள்ளிக்காரன் சேகரனின் காண்ட்ராக்ட். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங், கதவுகளைச் சுற்றிய பீடிங், எல்லாமே அசல் தேக்கு என்று பேச்சு. அதற்கு மட்டும் இரண்டரை லட்சம். கல்லூரி லேபில் வேலை பார்த்துச் சேர்த்த பி.எஃப். பணத்தை உருவி, கணவன் வாசுதேவ் கையில் இரண்டு லட்சம் கொடுத்திருந்தாள் ஸ்ரீவல்லி. மிச்சத்துக்கு சேகரன் பெயரில் எழுதிய செக் அவள் கைப்பையில் இருந்தது. மரம் தேக்குதான் என்று தெரிந்தால் கொடுத்துவிடலாம். தெரிய வேண்டுமே?

முதலில் பாலிஷ் காயவில்லை என்றான் சேகரன். போன வாரமே காய்ந்துவிட்டதே என்றாள். டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் நிற்குமாம். நின்றால் துடைத்துக்கொள்கிறேன் என்றாள். இப்போதெல்லாம் யார் மேடம் வீடு கழுவுகிறார்கள் என்று பேச்சை மாற்றினான். அப்போது அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த வாசுதேவைப் பார்த்தது.

அவரை எதற்குப் பார்க்கிறான்?

ஸ்ரீவல்லி பின்கட்டுக்குப் போனாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து மஞ்சளைக் கரைத்துத் தூக்கி வந்தாள். சேகரன் பாய்ந்து தடுப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ சுவரோரமாக ஒதுங்கி நின்றான். வாளியைச் சாய்க்கப் போனாள்.

ஒரு கை அதன் விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

வாசுதேவ்.

"பேடா வல்லி, வேண்டாம்." பதற்றத்தில் கன்னடம் முந்திக்கொண்டது. "மரம் உப்பிப் போயிடும்."

"தேக்கு உப்புமா?"

சேகரன் தொண்டையைக் கனைத்தான்.

"தேக்கு இல்லீங்க. எம்.டி.எஃப். மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகை, மேல தேக்குத் தோல் ஒட்டுனது. தண்ணி பட்டா அப்பளந்தான். சார்தான் போடச் சொன்னாரு. மேடத்துக்குத் தெரிய வேணாம்னாரு. நீங்க குடுத்ததுல பாதிகூட என் கைக்கு வரலீங்க."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். மீதி எங்கே என்று கேட்டாள். ஷேரில் போட்டானாம். ஏறியதும் எடுத்து, ஓசைப்படாமல் நிஜத் தேக்கே மாற்றிவிடலாம் என்று இருந்தானாம்.

"ஏறித்தா?"

வாசுதேவ் ஃபோனைச் சட்டைப்பைக்குள் ஒளித்தான்.

"சேகரன், உங்க பாக்கியை சார்கிட்டயே வாங்கிக்கோங்கோ. என் செக் கிடையாது."

வாளியைப் பிடித்திருந்த வாசுதேவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நாளைக்கு எங்கப்பா வருவார். உங்க மனுஷா அத்தனை பேரும் வருவா. புது வீட்டு மரம் ஏன் இப்படி உப்பியிருக்குன்னு கேப்பா. நீங்களே நின்னு பதில் சொல்லுங்கோ."

வாளி கவிழ்ந்தது. மஞ்சள் தண்ணீர் சுவரோரமாக, ஒரு மூலை விடாமல் ஓடியது.