தண்ணீர் ஊற்றிய நேரம்

சவரியாயிக்குப் பிறந்த பெண் குழந்தை அழவில்லை. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. மருதாயி அதை விலக்கினாள். வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்து எடுத்தாள். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வி ஊதினாள், மறுபடியும் தட்டினாள். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளை வாங்கிய கைகள் அவை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்ததுமே அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தும் அவள் பக்கத்திலிருந்த செம்பை எடுத்தாள். குழந்தையின் தலையைச் சாய்த்துப் பிடித்து, நெற்றியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றாள். படுத்திருப்பவளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

மருதாயி கிறிஸ்தவ வேதத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டை ஒட்டிய அந்த ஊரில் வேதக்காரர் தெருவில் நாற்பது வீடுகள் இருந்தன. மருதாயியின் சனங்கள் அடுத்த தெருவில் இருந்தார்கள். அவள் கும்பிடுவது மாரியம்மனை. ஆனால் இரண்டு தெருவுக்கும் மருத்துவச்சி அவள் ஒருத்திதான். அதனால், கோவிலில் வேதபாடம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார் உயிரோடு இருந்தபோது அவளை உட்கார வைத்து இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பிள்ளை தங்காது என்று பட்டால் சாமியாருக்காகக் காத்திருக்காதே, நீயே ஊற்றிவிடு, ஆபத்து நேரத்தில் யார் ஊற்றினாலும் செல்லும் என்று சொல்லியிருந்தார்.

"பெரியம்மா, ஊத்திட்டியா?" என்று கேட்டாள் சவரியாயி.

"ஊத்திட்டேன்."

"ஊத்துறப்ப உசுரு இருந்துச்சா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு வருஷம் இருந்தது. சவரியாயியின் முதல் பிள்ளை பிறந்து ஒரு நாழிகைக்குள் இறந்துபோனது. அன்றைக்கு மருதாயி தத்தனூரில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி மண்டிய இடத்தில் புதைத்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் வெளிச்சம் படாத ஓரிடத்தில் கிடக்கும் என்று அந்தத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். முந்திரி பொறுக்கப் போகும்போதெல்லாம் சவரியாயி அந்த வேலியோரம் நின்றுவிட்டுத்தான் போவாள். இந்தத் தடவை ஏழாம் மாதமே மருதாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊருக்கும் போகாதே, இதுக்காவது தண்ணீர் ஊற்றிவிடு என்று அழுதிருந்தாள். மருதாயியும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இருந்துச்சு தாயி. லேசா மூச்சு விட்டுச்சு. தண்ணி ஊத்துனப்புறந்தான் அடங்குச்சு."

சவரியாயி கண்களை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. ஆனால் அவள் அலறவில்லை. பெற்றவளுக்கு உதிரப்போக்கு நிற்க வேண்டும், அவள் பிழைக்க வேண்டும் என்பது மட்டுந்தான் அப்போது மருதாயியின் மனதில் இருந்தது. அந்தப் பொய் அந்த அறையைத் தாண்டிப் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

ஆனால் சவரியாயியின் புருஷன் சந்தியாகு வெளியே போய் எல்லாரிடமும் சொன்னான். பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிவிட்டது, கல்லறைத் தோட்டத்துக்குள்ளே குழி வெட்ட வேண்டும் என்றான். கோவில் காரியங்களைப் பார்த்துவந்த பெரியவர் ராயப்பன் மண்வெட்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். மாரியம்மனைக் கும்பிடுகிறவள் ஊற்றிய தண்ணீர் எப்படி ஞானஸ்நானம் ஆகும், யார் பார்த்தது, சாமியார் மந்திரித்த மண்ணை ஒரு பொம்பளை பேச்சை நம்பித் தோண்டுவதா என்று கேட்டார். சந்தியாகு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போவேன் என்று கத்தினான். ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ஒருவன் முளைக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டான். கடைசியில் பங்குச் சாமியார் வந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று. பக்கத்து ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தவரைக் கூட்டிவர ஒரு ஆள் சைக்கிளில் போனான்.

எழுபத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில் அது. வெள்ளைத் துணி சுற்றிய குழந்தையை வாசல் புங்கமர நிழலில் முறத்தில் கிடத்தியிருந்தார்கள். நிழல் நகர நகர மருதாயி முறத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும்.

மூன்று மணிக்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்தது. முப்பது வயதுகூட இருக்காது; அந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. எல்லாரும் தோத்திரம் சொன்னார்கள். அவர் முறத்தின் முன் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே போய்ச் சவரியாயியைப் பார்த்துவிட்டு வந்து, புங்கமரத்தடியில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் சவரியாயிக்கும் நடுவில் ஒரு மண்சுவரும் திறந்த கதவுந்தான். இங்கே பேசுவது அங்கே கேட்கும். இது மருதாயிக்கு உறைத்தது.

சாமியார் அவளை எதிரே உட்காரச் சொன்னார். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றாள். எங்கே ஊற்றினீர்கள் என்றார். தலையில், நெற்றியில் என்றாள். சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இப்போது கோவிலில் பரிசுத்த ஆவி என்று மாற்றிச் சொல்கிறோமே, இவள் பழைய வார்த்தையல்லவா சொல்கிறாள் என்று கூட்டத்தில் ஒருவன் கிளப்பினான். இரண்டும் ஒன்றுதான் என்று சாமியார் அவனை அடக்கினார். ஊற்றும்போதேதான் சொன்னீர்களா, ஊற்றி முடித்த பிறகா என்று கேட்டார். ஊற்றிக்கொண்டேதான் சொன்னேன் என்றாள்.

"எதுக்காக ஊத்துனீங்க?"

"இவங்க சாமிகிட்ட புள்ளையச் சேக்கணும்னுதாங்க. உபதேசியாரு அப்புடித்தான் சொல்லிக்குடுத்தாரு."

சாமியார் ராயப்பன் பக்கம் திரும்பி, ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறவர் வேதக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். திருச்சபை என்ன செய்ய நினைக்கிறதோ அதையே செய்ய நினைத்துத் தண்ணீரை ஊற்றி அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், சாமி வேறாக இருந்தாலும் அது தடையில்லை என்றார். சந்தியாகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏற்றுவதற்காகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, கொடுத்தவர் பெயர் மருதாயிதானே என்று கேட்டார்.

"சாமி, ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார் ராயப்பன். "ஊத்துறப்ப உசுரு இருந்துச்சான்னு கேளுங்க. செத்ததுக்கு ஞானஸ்நானம் உண்டா?"

சாமியார் எழுதுவதை நிறுத்தினார். "இல்ல. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான்."

"அப்ப கேளுங்க. சும்மா வேணாம், அவ மாரியாத்தா மேல சத்தியம் பண்ணிச் சொல்லட்டும்."

சத்தியமெல்லாம் வேண்டாம், இந்த அம்மா சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றார் சாமியார். பிறகு மருதாயியைப் பார்த்தார். மிரட்டவில்லை, துருவவில்லை. பேனாவைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருந்தார்.

மருதாயி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். உள்ளே முனகிக்கொண்டிருந்த சவரியாயியின் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். குழி வெட்டுவார்கள், பெற்றவள் நிம்மதியாகத் தூங்குவாள். பார்த்த ஆள் வேறு யாரும் கிடையாது. இல்லை என்றால் செத்தே பிறந்தது என்றாகும்; உன் கைதான் சரியில்லை என்பார்கள். இனி இந்தத் தெருவில் அவளை யார் கூப்பிடுவார்கள்? சத்தியம் கேட்டிருந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பாளோ என்னவோ. ஒன்றும் கேட்காமல் நம்பிவிடத் தயாராக உட்கார்ந்திருந்த அந்த ஆளிடந்தான் அவளால் முடியவில்லை. அந்தத் தாளில் தன் பெயருக்குப் பக்கத்தில் பொய் ஏறும்.

"இல்லிங்க சாமி" என்றாள். "உசுரு இல்ல. தெரிஞ்சேதான் ஊத்துனேன். வாக்குக் குடுத்திருந்தேன், அதுக்காவ ஊத்துனேன். பெத்தவகிட்ட சொன்னது பொய்யிங்க."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. சந்தியாகு பாய்ந்து வந்து மருதாயியின் மயிரைப் பிடித்துவிட்டான். சாமியார் எழுந்து நடுவில் புகுந்து அவன் கையை விலக்கினார். ராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, வேலிக்கு வெளியே தோண்டுங்கள் என்று ஆட்களிடம் சொன்னார்.

"உள்ளதான் தோண்டணும்" என்றார் சாமியார்.

சாமியார் பேனாவை மூடினார். ஞானஸ்நானம் ஆகவில்லை, புத்தகத்தில் எழுத மாட்டேன் என்றார். ஆனால் பெற்றவர்கள் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பி, அதற்குள் பிள்ளை இறந்துவிட்டால் கோவில் முறைப்படியே அடக்கம் செய்யலாம் என்று இப்போது விதி வந்திருக்கிறது, ஆயரும் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார் என்றார். இந்தத் தாய் விரும்பினாளா என்று யாரையாவது கேட்க வேண்டுமா என்றும் கேட்டார்.

ராயப்பன் அவர் முன்னால் வந்து நின்றார்.

"எப்ப வந்துச்சு இந்த விதி?"

"ஆறேழு வருஷம் இருக்கும்."

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி எம் புள்ளைய இந்தக் கையாலதான் வெளிய போட்டேன். அப்ப இருந்த வெள்ளக்காரச் சாமியாரு அப்புடித்தான்னு சொன்னாரு. எம் பொஞ்சாதி அதையே நெனச்சு நெனச்சுச் செத்தா. இப்ப நீங்க வந்து உள்ள தோண்டுங்கிறீங்க. அப்ப எம் புள்ள எங்க இருக்கு? சொல்லுங்க சாமி."

அந்தத் தெருவில் இளவட்டங்கள் யாருக்கும் இது தெரியாது. சந்தியாகுவே பிடித்திருந்த கோபத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது பெரியவரே" என்றார் சாமியார். "இருட்டுல கிடக்குன்னு பெரியவங்க பலர் சொல்லியிருக்காங்க. ஆனா அது இப்படித்தான்னு திருச்சபை அடிச்சுச் சொன்னதில்ல. ஞானஸ்நானம் வேணும்னு கடவுள் நமக்குச் சொல்லியிருக்காரு. அது இல்லாம அவரால காப்பாத்த முடியாதுன்னு சொல்லல. அவர் இரக்கமுள்ளவரு. அவர் கையில குடுத்துட்டு நம்பிக்கையா இருக்கலாம். அதுக்கு மேல சொன்னா நானும் பொய் சொன்னவன் ஆயிடுவேன்."

"தெரியாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா" என்றார் ராயப்பன். யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். சிறிது நேரத்தில் அவர் வீட்டிலிருந்து மண்வெட்டி வந்தது.

மருதாயி உள்ளே போனாள். சவரியாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏன் பெரியம்மா?"

"நீ பொழைக்கணும்னு தாயி."

சவரியாயி திரும்பவில்லை. வெளியே போ என்று மட்டும் சொன்னாள். மருதாயி அவள் காலடியிலிருந்த இரத்தத் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பொழுது இறங்குவதற்குள் அடக்கம் நடந்தது. மருதாயி கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை. வழியிலேயே நின்று பார்த்தாள். சின்னக் குழி. சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். முடிந்து ஆட்கள் கலையும்போதுதான் ராயப்பன் வந்தார். குழிப் பக்கம் போகாமல் நேராக வேலிக்கு வெளியே கள்ளி மண்டிய இடத்துக்குப் போனார். சாமியார் தீர்த்தச் செம்போடு அவர் பின்னாலேயே போனார். ராயப்பன் கள்ளியை விலக்கி விலக்கிப் பார்த்தார். இங்கே என்று ஒரு இடத்தைக் காட்டினார். அடுத்த நிமிஷம், இல்லை, அங்கே என்றார். முப்பத்தோரு வருஷத்தில் மேடு எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தது. கடைசியில் சாமியார் வேலி நெடுகத் தெளித்துக்கொண்டே நடந்தார். சவரியாயியின் முதல் பிள்ளை இருந்த இடத்திலும் தண்ணீர் விழுந்தது. ராயப்பன் எங்கே மண்டியிடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அதன்பிறகு வேதக்காரர் தெருவில் மருதாயியை யாரும் கூப்பிடவில்லை. வலி கண்டவர்களை மாட்டுவண்டி கட்டி ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் பார்த்தால் சவரியாயி தலையைக் குனிந்துகொண்டு போவாள். மருதாயியும் நின்று பேசவில்லை. தான் சொன்ன பொய்யும் சரிதான், சொன்ன உண்மையும் சரிதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் இரண்டுமே தப்பு என்று தோன்றும்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் ஓடை பெருகி வண்டிப் பாதை அறுந்திருந்த ஒரு காலையில், சந்தியாகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான். சவரியாயிக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, உன்னை வரச்சொன்னாள் என்றான்.

சவரியாயி பாயில் கிடந்தாள். மருதாயி உட்கார்ந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் உள்ளதச் சொல்லு. எனக்காவ மாத்திச் சொல்லாத."

"சொல்றேன்."

இந்தத் தடவையும் கொடி சுற்றித்தான் இருந்தது, ஆனால் ஒரே சுற்று. மருதாயி விலக்கினாள். ஆண் பிள்ளை. இரண்டு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது இழுத்துக்கொண்டு கத்தியது. மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் வாசல்வரை போயிற்று. அப்படியும் சவரியாயி நம்பாமல் மருதாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு தாயி" என்றாள் மருதாயி. "உசுரோட இருக்கு. நெசமாத்தான் சொல்றேன்."