தறிச் சத்தம் இல்லாத அரங்கு

திருப்பதி அரங்கில் பேச்சொலி அடங்கியதும் பியானோ முன் உட்கார்ந்திருந்த ஹரிதாவுக்குப் பயம் பிடித்தது. வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிப்பதானாலும், பியானோ தனியாகத் தொடங்க வேண்டிய கான்செர்ட்டோ அது. தூரத்துக் கோயில் மணிபோல் மெல்ல ஆரம்பித்து, அடிக்கு அடி கனத்த பிறகே வயலின்கள் வெள்ளமாய்ப் பாயும். அதை எழுதிய ரஷ்யாக்காரரும் பயந்தவர்தானாம். முந்தைய இசையை ஊரே காறித் துப்பியதில் பேனாவைத் தொடாமல் கிடந்தாராம். "எழுதுவீர்கள், நன்றாகவே எழுதுவீர்கள்" என்று ஒரு டாக்டர் தினமும் காதில் ஓதி ஓதித்தான் மீண்டும் எழுத வைத்தாராம்.

ஹரிதாவின் காதிலோ இந்தப் பாழாய்ப்போன அமைதிதான். சொந்த ஊரான நகரியில் அவள் வாசித்துப் பழகியதெல்லாம், நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் விசைத்தறிகளுக்கு நடுவே. அங்கே சத்தம் நின்றால் யாரோ கையை மாட்டிக்கொண்டார்கள் என்று பொருள். நைனாவின் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின.

பியானோ கட்டைகளின் மேல் விரல்கள் விறைத்து நின்றன. முன்வரிசையில் நைனா பதறி எழுந்தார்.

"ஹரிதா! கைக்கு இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல நைனா."

பியானோவில் முதல் மணியை அடித்தாள். அவர் உட்காரவில்லை. பின்னாலிருந்தவர்கள் அதட்டியும் அசையவில்லை. வயலின்கள் அத்தனையும் தறிகளைப்போல் ஒன்றாய் இரைந்த பிறகுதான் உட்கார்ந்தார்.