பச்சை அடிக்காத கட்டம்

ஒரு கல்யாணப் பெண்ணின் தலையைத் தொட்டியில் சாய்த்து, பார்லரம்மா நுரை பொங்க அலசிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கை இரண்டும் ஈரம். எடுக்காமல் விடவும் மனசு கேட்கவில்லை. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க பொண்ணு எதிர்காலத் திட்டம் எழுதிக் குடுத்திருக்காம்மா. என்ன எழுதியிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றது ஓர் ஆண் குரல்.

"ஏன் சார், எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?"

"பிழையெல்லாம் இல்லை. 'இன்னும் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கா. கீழே அழகா கையெழுத்தும் போட்டிருக்கா."

தொட்டிக்குள் தலை வைத்திருந்த கல்யாணப் பெண் களுக்கென்று சிரித்தாள். பார்லரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விதி அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்தது. பள்ளியை முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து என்ன செய்யப் போகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்படிப்பு, தொழிற்பயிற்சி, வேலை, சீருடைப் பணி என்று நான்கு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் அடித்து விவரம் எழுதினால்தான் பள்ளி முடித்த சான்றிதழ் கைக்கு வரும். இதற்கென்றே ஒரு வழிகாட்டி ஆசிரியரைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அவருக்கு 'எதிர்காலம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'எதிர்காலம் இன்னிக்கு லீவு', 'எதிர்காலம் வாசல்ல நிக்குது, பின்பக்கமா ஓடு' என்று வகுப்பில் ஒரே கும்மாளம். போனில் பேசியது அவர்தான்.

பார்லரம்மாவின் மகளை வீட்டில் பொடிசு என்பார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். இப்போது அம்மாவை விட ஒரு சாண் உயரம். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. படிப்பில் மோசமில்லை, கெட்டிக்காரி என்றும் சொல்ல முடியாது. எதை எடுத்தாலும் கொஞ்ச நாள் உயிரை விட்டுச் செய்வாள், பிறகு வேறொன்றுக்குத் தாவிவிடுவாள். ஆனால் 'மாட்டேன்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அசைக்க முடியாது.

சாயங்காலம் பொடிசு கடைக்கு வந்ததும் வராததுமாக அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் எழுதிக் குடுத்திருக்கு. உனக்கு மட்டும் என்ன கேடு?"

"எல்லாரும் கதை எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. பக்கத்து பெஞ்சுக்காரன் ராணுவம்னு எழுதியிருக்கான். அவனால ஒரு மாடி ஏற முடியாது, மூச்சு வாங்குது."

"நீயும் ஒரு கதை எழுதேன். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்."

"பெரிய அரிச்சந்திரன் பரம்பரை!" பார்லரம்மா துண்டை உதறிக் கம்பியில் போட்டாள். "உன் வயசுல என்னை யாருடி கேட்டாங்க? ஒருத்தர் கேட்டிருப்பாங்களா? ஏதோ கடைக்கு வந்தேன், கையில துடைப்பத்தைக் குடுத்தாங்க, இங்கயே நின்னுட்டேன். உன்னை உக்கார வச்சு, நீ என்ன ஆகணும்னு கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்ல வலிக்குதா?"

பொடிசு துடைப்பத்தை எடுத்தாள். தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக் குப்பைக்கூடையில் கொட்டினாள். அவள் அப்பா பஸ் ஓட்டுநர். இரவு வீட்டில் விஷயம் அவர் காதுக்கு வந்தபோது, "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, எனக்குக் காலையில முதல் வண்டி" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

பார்லரம்மா அவளாகவே ஒரு முடிவெடுத்தாள். மறுநாள் கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறப்பதாகச் சொல்லிவிட்டு, மகளுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

எதிர்காலம் சாரின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த இடம். ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் பெரிய அட்டை ஒன்று மாட்டியிருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். திட்டம் வந்துவிட்டால் அந்தக் கட்டத்துக்குப் பச்சை. அட்டை முழுக்கப் புல்தரை மாதிரிப் பச்சையாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பெத்தவங்க எழுதிக் குடுத்தா ஏத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டாள் பார்லரம்மா.

"தாராளமா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார், பேனாவைக் கொடுத்தார்.

என்ன எழுதுவது? முந்தாநாள் வந்த வாடிக்கையாளர் ஒருத்தி, தன் மகள் நர்ஸுக்குப் படிப்பதாகச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. தொழிற்பயிற்சியில் டிக் அடித்து 'நர்ஸிங்' என்று எழுதினாள். எதிர்காலம் சார் அதை வாங்கினார், முத்திரை குத்தினார், கணினியில் தட்டினார், பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு அட்டைப் பக்கம் போனார். கண்மூடித் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது, பச்சை அடிப்பதுதான் பாக்கி.

பார்லரம்மாவுக்கு என்னவோ போல இருந்தது. இவ்வளவு சுலபமா? அவர் ஏதாவது கேட்பார், நாம் ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வந்துடும்" என்றாள், வாய் சும்மா இருக்காமல்.

"பரவால்லம்மா."

"ஊசி போடுற இடத்துக்கே போக மாட்டா. காய்ச்சல் வந்தா கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவா."

"அட, எழுதினதுக்காகப் போய்ச் சேரணும்னு ஒண்ணும் இல்லைங்கம்மா. கட்டம் நிறையணும், அவ்வளவுதான். மேல இருந்து கேக்குறாங்க. இப்ப நம்ம பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு!"

அவர் பேனா மூடியைக் கடித்துத் திறந்தார். பார்லரம்மாவுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. மகளை யாரோ உட்கார வைத்துக் கேட்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தாள்! தனக்குக் கிடைக்காத ஒன்று மகளுக்குக் கிடைக்கிறது, அதை அவள் காலால் எத்துகிறாள் என்றல்லவா நேற்றுச் சாயங்காலம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள்! இங்கே கேட்பார் ஒருத்தருமில்லை. ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது, அதுதான் இவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது.

"சார், பச்சை அடிக்காதீங்க. அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"என்னம்மா விளையாடுறீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு."

"ஏத்துனா இறக்குங்க. நான் எழுதினது பொய்."

"அதெல்லாம் முடியாதும்மா."

"அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன்." அவள் கைப்பையை மடியில் வைத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியை வந்துவிட்டார். பார்லரம்மாவைப் பார்த்ததும் அவர் நடை சற்றுத் தயங்கியது. மாதாமாதம் கடை மூடுகிற நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாக வந்து நரைக்குச் சாயம் போட்டுக்கொண்டு போகிறவர் அவர். அதை இங்கே போட்டு உடைத்துவிடுவாளோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பார்லரம்மா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கடைச் சமாச்சாரத்தைக் கடைக்கு வெளியே பேசுகிற வழக்கம் அவளுக்கில்லை.

"அழிச்சுட்டா உங்க பொண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்காது. நிறைவு விழாவுல மேடையேறவும் முடியாது. யோசிச்சுத்தான் பேசறீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"அவளையே கூப்பிட்டுக் கேளுங்க மேடம்."

பொடிசு வந்தாள். அம்மாவைக் கண்டதும் திகைத்தாள். மேஜையில் இருந்த காகிதத்தைப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நர்ஸிங்கா? யாரு எழுதினது?"

"நான்தான். புத்தி கெட்டுப் போய் எழுதிட்டேன். அதைத் திரும்ப வாங்கத்தான் உக்காந்திருக்கேன்."

பொடிசு அம்மாவையே முறைத்துப் பார்த்தாள். அந்த முறைப்பில் கோபம் முழுசாக இருந்தது, அதை அவள் ஒளிக்கவும் இல்லை. பிறகு மூலையில் கிடந்த ஒரு முக்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அழிச்சிடுங்க மேடம். எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"இப்படி ஒரு பதிலுக்கு இங்க கட்டம் கிடையாது!"

"கட்டம் போட்டது நீங்கதானே மேடம்? இன்னொண்ணு போடுங்க."

"வாயை அடக்கு!" என்றார் தலைமையாசிரியை. ஆனால் மத்தியான மணி அடித்து, பிள்ளைகள் கூட்டமாக வாசலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எழுத்தரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். எதிர்காலம் சார் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பொடிசு அம்மாவோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. அது நியாயம்தான் என்று பார்லரம்மாவும் விட்டுவிட்டாள்.

நிறைவு விழா ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைதான் பார்லரில் நிற்க இடமில்லாமல் கூட்டம் வரும். பார்லரம்மா கடையைப் பூட்டினாள். அதற்கு முன் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, மேடையேறப் போகிறவளுக்குச் செய்வது போலவே முடியைச் சுருட்டி, ஏற்றிக் கட்டி, கிளிப் குத்தினாள்.

"மேலே கூப்பிட மாட்டாங்கம்மா. இதெல்லாம் எதுக்கு?"

"கீழே உக்கார்றவளுக்குத் தலை கிடையாதா?"

இருவரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, கூடவே அதன் திட்டத்தையும் மைக்கில் வாசித்தார்கள். பொறியியல், வங்கி வேலை, விமானப் பணிப்பெண். ராணுவம் என்று வாசித்தபோது பக்கத்து பெஞ்சுக்காரன் படியேறி வந்து, இரைக்க இரைக்கக் கைகொடுத்தான். அத்தனை பேருக்கும் பொடிசு கை தட்டினாள். சும்மா இல்லை, அரங்கமே திரும்பிப் பார்க்கிற தட்டு. ஒருவருக்கும் அவள் மேல் பரிதாபப்பட வாய்ப்புக் கொடுக்கவில்லை. தட்டித் தட்டி உள்ளங்கை கன்றிப் போயிற்று. வெளியே வந்ததும் ஒரு மரத்தடியில் நின்று ஒரு பாட்டம் அழுதாள். பார்லரம்மா கூடவே நின்றாள், அழாதே என்று சொல்லவில்லை.

சான்றிதழ் வரவில்லை. அது இல்லாமல் எங்கும் வேலைக்குச் சேர முடியாது. ஓட்டுநர் அப்பாதான் முதலில் வாய் திறந்தார், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே. "நான் வருஷக்கணக்கா ஒரே ரூட்டுல போய் வர்றவன். அவளாவது கொஞ்சம் சுத்திப் பார்க்கட்டும். அந்தச் சான்றிதழை விடாதீங்க."

திங்கள்கிழமை கடைக்கு விடுமுறை. திங்கள்தோறும் அம்மாவும் மகளும் பள்ளி அலுவலகத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சண்டை போடவில்லை, கத்தவில்லை. அது புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற பருவம். வந்த பெற்றோர் எல்லாம் அதே பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். "நீங்க எந்த வகுப்புல சேர்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். பொடிசு ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்வாள், அட்சரம் பிசகாமல், சத்தமாக.

தலைமையாசிரியை பார்லரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம பழக்கத்துக்கு நீங்க இப்படிப் பண்ணலாமா?"

"கடைக்கு வந்தீங்கன்னா நீங்க என் கஸ்டமர் மேடம். தலைமேல வச்சுப் பார்த்துக்குவேன். இங்க நான் அவளோட அம்மா. எழுந்திரிக்க மாட்டேன்."

மூன்றாவது திங்களோ நான்காவதோ, எழுத்தர் ஓர் உறையைக் கொண்டு வந்து பெஞ்சில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். உள்ளே சான்றிதழ் இருந்தது. திட்டம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தார்கள்.

பொடிசு முதலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள். மை வாசனை பிடித்திருந்தது, முதலாளியைப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். பிறகு ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கினாள், அதுவும் சரிவரவில்லை. இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களிடம் எடுபிடியாக இருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் சட்டை முழுக்கக் கிரீஸோடு கடைக்கு வந்தாள். லிஃப்டின் கூரை மேல் ஏறி நின்றதையும், கீழே பார்த்தபோது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டதையும், ஆனாலும் இறங்கச் சொன்னபோது இறங்க மனசில்லாமல் போனதையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "அப்ப இதுதான் இனிமே உன் லைனாம்மா?"

பொடிசு வாயைத் திறப்பதற்குள் பார்லரம்மா கத்தரிக்கோலை ஒரு தடவை காற்றில் சடக்கென்று வெட்டினாள்.

"அவளை விடுங்க. முன்முடி எவ்வளவு வெட்டணும்னு முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க."